சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

99 டாலர் இன்டர்நெட் பெட்டி கடையை விட்டு இறங்கிய கதை

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

சாமான் மலிவுதான். ஆனால், அதை வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்க ஆகும் கூலி, சாமானின் விலையைப்போல மூன்று மடங்கு!

இந்தப் பழமொழிக்குப் பொருத்தமான ஒரு சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. அங்கே 2000-ஆம் ஆண்டில் ஒரு பெட்டி பெரிய பெரிய கடைகளில் விற்கப்பட்டது. அதன் பெயர் "ஐ-ஓப்பனர்". விலை 99 டாலர். அன்றைய கணக்கில் நம் பணம் சுமார் 4,300 ரூபாய்.

கம்ப்யூட்டர் வாங்க வேண்டாம். கம்ப்யூட்டர் படிக்க வேண்டாம். இந்தப் பெட்டியை டெலிபோன் கம்பியில் மாட்டினால் போதும். இன்டர்நெட் வீட்டுக்கு வந்துவிடும்!

இப்படி விளம்பரம் வந்தது. பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. "இனி வீட்டுக்கு வீடு இந்தப் பெட்டிதான்" என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் நடந்தது என்ன? 2001-ஆம் ஆண்டு பிறந்தபோது, கடைகளில் அந்தப் பெட்டி இல்லை. அதைச் செய்த கம்பெனியே "இந்த வியாபாரம் வேண்டாம்" என்று கையை உதறிவிட்டது.

மலிவான சாமான் ஏன் விலைபோகவில்லை? கடைக்காரர் ஏன் கைவிட்டார்? வாங்கியவர்கள் கதி என்ன?

இது பழைய கதைதானே என்று நினைக்க வேண்டாம். இன்றும் இதே கதை, வேறு வேறு பெயர்களில் நடந்துகொண்டு இருக்கிறது. ஆகவே, தெரிந்துகொள்வது நல்லது.

பெட்டி எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே 1999-ஆம் ஆண்டில் "நெட்பிளையன்ஸ்" என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. ஐ-ஓப்பனரைச் செய்தது இந்தக் கம்பெனிதான்.

பெட்டி சின்னது. சமையல் அறை மேடையில் ஒரு மூலையில் வைத்துவிடலாம். 10 அங்குலத் திரை. திரைக்கு முன்னால் எழுத்துகளை அழுத்தும் விசைப்பலகை. டெலிபோன் கம்பியை மாட்ட ஒரு துளை.

அந்த விசைப்பலகையில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு விசையில் "பீட்சா" படம் போட்டிருக்கும்! பீட்சா என்பது அமெரிக்கர்கள் விரும்பிச் சாப்பிடும் ரொட்டி வகை. அந்த விசையை அழுத்தினால், பீட்சா விற்கும் கடையின் பக்கம் திரையில் வந்துவிடும். உட்கார்ந்த இடத்தில் இருந்தே வரவழைத்துச் சாப்பிடலாம்!

பெட்டியில் கடிதம் அனுப்பலாம். வந்த கடிதத்தைப் படிக்கலாம். செய்தி பார்க்கலாம். இன்று மழை வருமா, வராதா என்று தெரிந்துகொள்ளலாம். இன்டர்நெட் பக்கங்களைப் பார்க்கலாம்.

ஆனால் கணக்கு எழுத முடியாது. குழந்தைகள் விளையாட விளையாட்டுகளைச் சேர்க்க முடியாது. எதையும் இறக்கிச் சேர்த்துவைக்கவும் வசதி இல்லை. ஏனென்றால் கம்ப்யூட்டரில் இருக்கும் "ஹார்டு டிஸ்க்" என்ற சேமிப்புத் தட்டு இதில் கிடையாது.

யாருக்காக?

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏறக்குறைய பாதிப் பேர் இன்டர்நெட் பார்த்தார்கள். மீதிப் பாதிப் பேர் பார்க்கவில்லை.

காரணம் என்ன? சிலருக்குக் கம்ப்யூட்டர் விலை கட்டுப்படி ஆகவில்லை. சிலருக்கு அதைக் கண்டால் பயம். வயதான பாட்டிக்குப் பேரன் கடிதம் எழுத ஆசைப்படுவான். பாட்டிக்கோ கம்ப்யூட்டர் தெரியாது.

இந்த மாதிரி வீடுகளைத்தான் நெட்பிளையன்ஸ் கம்பெனி குறிவைத்தது. எண்ணம் நல்ல எண்ணம்தான். தையல் மெஷின் போலவும், ரேடியோ போலவும், இன்டர்நெட்டும் ஒரு வீட்டுச் சாமானாக வேண்டும் என்பது பலரது கனவாக இருந்தது. "ஆரக்கிள்" என்ற பெரிய கம்பெனியின் தலைவர் லாரி எல்லிசன், 500 டாலருக்கு எளிய கம்ப்யூட்டர் வரவேண்டும் என்று 1995-ஆம் ஆண்டிலேயே பேசினார்.

99 டாலர் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு!

எப்படிக் கட்டுப்படி ஆயிற்று?

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

கட்டுப்படி ஆகவே இல்லை! ஒரு பெட்டியைச் செய்ய 300 டாலருக்கு மேல் ஆகிறது என்று அப்போது சொல்லப்பட்டது. அதை 99 டாலருக்கு விற்றார்கள். விற்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் கை நஷ்டம்!

எந்த வியாபாரியாவது நஷ்டத்துக்கு விற்பாரா? விற்பார். பின்னால் லாபம் வரும் என்றால் விற்பார்.

அந்த லாபம் மாதச் சந்தாவில் இருந்தது. ஐ-ஓப்பனரில் இன்டர்நெட் பார்க்க மாதம் 21 டாலர் 95 சென்ட் கட்ட வேண்டும். நம் பணம் அப்போது சுமார் 950 ரூபாய். இந்தச் சந்தாவை நெட்பிளையன்ஸ் கம்பெனிக்குத்தான் கட்ட வேண்டும். வேறு கம்பெனியின் இன்டர்நெட்டை அந்தப் பெட்டியில் வைத்துக்கொள்ள முடியாது.

முகச்சவரம் செய்யும் ரேசரை எடுத்துக்கொள்ளுங்கள். ரேசரை மலிவாகக் கொடுத்துவிடலாம். பிறகு பிளேடு வாங்க அவர் திரும்பத் திரும்பக் கடைக்கு வருவார். ரேசரில் போன காசு பிளேடில் வந்துவிடும்.

நெட்பிளையன்ஸ் கம்பெனி போட்ட கணக்கும் இதுதான். பெட்டி ரேசர். சந்தா பிளேடு.

ஒரு பேச்சுக்கு, பெட்டிக்கு ஆன செலவு 300 டாலர் என்றே வைத்துக்கொள்வோம். 99 டாலர் கைக்கு வந்தது. மீதி 201 டாலர் நஷ்டம். இதை ஈடுகட்ட 10 மாதச் சந்தா வேண்டும். அதுவும் சந்தாப் பணம் முழுவதும் மிச்சமானால்தான்! டெலிபோன் செலவு, ஆள் சம்பளம், விளம்பரச் செலவு எல்லாம் அந்தச் சந்தாவில் இருந்துதான் போக வேண்டும்.

ஆகவே ஒரு வாடிக்கைக்காரர் ஒரு வருஷம், இரண்டு வருஷம் விடாமல் சந்தா கட்டினால்தான் கம்பெனிக்கு லாபம். ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டால் நஷ்டம். பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு சந்தாவே கட்டாவிட்டால்?

அப்படியும் நடந்தது!

திறந்து பார்த்தார் ஒருவர்

லாஸ் வேகாஸ் நகரத்தைச் சேர்ந்த ஒருவர் ஓர் ஐ-ஓப்பனரை வாங்கினார். அவர் யந்திர நுட்பம் தெரிந்தவர். பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று திறந்து பார்த்தார்.

உள்ளே இருந்தது ஏறக்குறைய ஒரு முழுக் கம்ப்யூட்டர்! சேமிப்புத் தட்டுதான் இல்லை. ஆனால் அதை மாட்டுவதற்கான இடம் உள்ளே அப்படியே இருந்தது. ஊசிகளின் வரிசை மட்டும் மாறியிருந்தது. அதற்கு ஏற்றபடி ஒரு கம்பியைச் செய்து, சேமிப்புத் தட்டை மாட்டினார்.

99 டாலர் பெட்டி, திரையோடு கூடிய கம்ப்யூட்டர் ஆகிவிட்டது!

இது நடந்தது 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில். சேதி காட்டுத்தீ போலப் பரவியது. தட்டையான திரை மட்டுமே அந்தக் காலத்தில் பல நூறு டாலர் விற்றது. திரையும் உண்டு, கம்ப்யூட்டரும் உண்டு, விலை 99 டாலர் என்றால் யார்தான் விடுவார்கள்?

விஷயம் தெரிந்த வாலிபர்கள் கடைகளுக்கு ஓடினார்கள். "சர்க்யூட் சிட்டி" என்பது அமெரிக்கா முழுவதும் கிளைகள் வைத்திருந்த மின்சாரச் சாமான் கடை. அங்கே ஐ-ஓப்பனர் விற்பனைக்கு இருந்தது. பெட்டிகளை வாங்கிக்கொண்டு போனார்கள். திறந்தார்கள். மாற்றினார்கள். சந்தா மட்டும் கட்டவில்லை!

பாட்டிக்காகச் செய்த பெட்டி, பேரன் கையில் விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது. கடையில் சரக்கு போய்க்கொண்டிருந்தது. கம்பெனிக்கோ ஒவ்வொரு பெட்டியிலும் நஷ்டம்!

பெட்டி யாருடையது?

கம்பெனி பதறியது. விற்பனை நிபந்தனைகளை மாற்றியது. "சந்தா சேர்ந்தால்தான் பெட்டி" என்று சொன்னது. பின்னால் வந்த பெட்டிகளில் உள்ளே கைவைக்க முடியாதபடி ஊசிகளை நறுக்கியது. முக்கியமான பாகத்தின் மேல் பசை போட்டு அடைத்தது.

இங்கே ஒரு நியாயத்தைக் கவனிக்க வேண்டும்.

"என் காசைக் கொடுத்து வாங்கினேன். பெட்டி என்னுடையது. நான் திறப்பேன், மாற்றுவேன். நீ யார் கேட்க?" இது வாங்கியவரின் கட்சி.

"சந்தா கட்டுவீர்கள் என்று நம்பித்தானே நஷ்டத்துக்குக் கொடுத்தேன்?" இது கம்பெனியின் கட்சி.

இரண்டிலும் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் பெட்டியை விற்றபோது, "இத்தனை மாதம் சந்தா கட்டியே தீரவேண்டும்" என்று கம்பெனி கையெழுத்து வாங்கவில்லை. மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டது. மனத்துக்குள் போட்ட கணக்கு வாடிக்கைக்காரரைக் கட்டுப்படுத்துமா?

அதே அமெரிக்காவில் கைத் டெலிபோன்களையும் இப்படித்தான் மலிவாக விற்றார்கள். ஆனால் கடையிலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதனால் அந்த வியாபாரம் நின்றது. கையெழுத்து வாங்காத வியாபாரம் சரிந்தது.

பாமர வாடிக்கைக்காரர் ஏன் வரவில்லை?

திறந்து மாற்றியவர்களால் மட்டும் பெட்டி விழுந்தது என்று சொல்வது சரி அல்ல. அவர்கள் கொஞ்சம் பேர். பாட்டிமாரும் குடும்பத்தாரும் லட்சக்கணக்கில் வந்திருந்தால் கம்பெனி பிழைத்திருக்கும். அவர்கள் வரவில்லை. ஏன்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெட்டி விலை 99 டாலர். ஒரு வருஷச் சந்தா 263 டாலர் 40 சென்ட். ஆக, முதல் வருஷத்திலேயே 362 டாலர் 40 சென்ட்!

மூன்று வருஷத்துக்கு? சந்தா மட்டும் 790 டாலர் 20 சென்ட். பெட்டி விலையையும் சேர்த்தால் 889 டாலர் 20 சென்ட்.

99 டாலர் சாமான் எங்கே? 889 டாலர் எங்கே? சுண்டைக்காயையும் சுமைகூலியையும் இப்போது நினைத்துப் பாருங்கள்!

இன்னொரு பக்கம் என்ன நடந்தது தெரியுமா? கம்ப்யூட்டர் விலை மளமளவென்று இறங்கிக்கொண்டு இருந்தது. திரை இல்லாத கம்ப்யூட்டர் 400 டாலர், 500 டாலருக்கே கிடைத்தது.

அதோடு, 1999-ஆம் ஆண்டில் "காம்ப்யூசர்வ்" போன்ற இன்டர்நெட் கம்பெனிகள் ஒரு சலுகை கொடுத்தன. "எங்களிடம் மூன்று வருஷம் சந்தாதாரராக இருப்பதாகக் கையெழுத்துப் போடுங்கள். கம்ப்யூட்டர் விலையில் 400 டாலர் தள்ளுபடி!" என்றன. மாதச் சந்தா எவ்வளவு? அதே 21 டாலர் 95 சென்ட்!

அதாவது, ஐ-ஓப்பனருக்குக் கட்டும் அதே சந்தாவைக் கட்டினால், ஏறக்குறைய இலவசமாகவே ஒரு முழுக் கம்ப்யூட்டர் கிடைத்தது. திரைக்கு மட்டும் கொஞ்சம் காசு. பையன் பாடம் படிக்கலாம். அப்பா கணக்கு எழுதலாம். பெண் படம் வரையலாம்.

"ஃப்ரீ பி.சி." என்ற கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1999-ஆம் ஆண்டில் 10,000 கம்ப்யூட்டர்களை இனாமாகவே கொடுப்பதாக அறிவித்தது. பதிலுக்கு, திரையில் ஓயாமல் விளம்பரம் ஓடும். லட்சக்கணக்கான பேர் மனுப் போட்டார்கள். ஆனால் அந்தக் கம்பெனியும் அந்த வருஷத்தின் கடைசியில் வேறு கம்பெனியோடு சேர்ந்துவிட்டது.

இப்படி இலவசத்தோடு போட்டிபோட 99 டாலரால் முடியவில்லை!

கடைக்காரர் பார்வை

இனி கடைக்காரர் பக்கம் வருவோம்.

கடையில் உள்ள ஒவ்வொரு தட்டுக்கும் வாடகை உண்டு. விளக்கு உண்டு. விற்க நிற்கும் பையனுக்குச் சம்பளம் உண்டு. அந்தத் தட்டில் வைத்த சரக்கு இதையெல்லாம் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் விற்றால் கடைக்காரருக்குக் கம்ப்யூட்டரில் மட்டும் லாபம் அல்ல. கூடவே அச்சடிக்கும் மெஷின் விற்கலாம். மை விற்கலாம். காகிதம் விற்கலாம். "கெட்டுப்போனால் பழுதுபார்த்துத் தருவோம்" என்று உத்தரவாதப் பத்திரமும் விற்கலாம்.

99 டாலர் பெட்டியில் என்ன விற்பது? கூடவே விற்க அதிகம் இல்லை. பெட்டியில் கிடைக்கும் கமிஷனும் சொற்பம். மாதாமாதம் வரும் சந்தாவோ கம்பெனிக்குப் போகிறது.

ஆனால் வாடிக்கைக்காரருக்குக் கோபம் வந்தால் முதலில் யாரிடம் வருவார்? கடைக்காரரிடம்தான்! "இது கம்ப்யூட்டர் மாதிரி வேலை செய்யவில்லையே?" என்பார். "மாதம் பணம் கட்டவேண்டும் என்று சொல்லவில்லையே?" என்பார். "திருப்பி எடுத்துக்கொள்" என்பார்.

லாபம் ஒருவருக்கு, வசவு இன்னொருவருக்கு என்றால் எந்தக் கடைக்காரர் பொறுப்பார்? இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் சரக்கை எடுத்துவிட்டு, வேறு சரக்கு வைப்பார். பெட்டியும் சர்க்யூட் சிட்டியின் தட்டைவிட்டு இறங்கியது.

பெரிய கடை ஒன்று ஒரு சாமானைக் கைவிட்டால், அது வெறும் விற்பனைக் குறைவு அல்ல. ஜனங்கள் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு வாங்கும் இடம் போய்விட்டது என்று அர்த்தம். கம்ப்யூட்டர் தெரியாத பாட்டி, தபாலில் எழுதி இன்டர்நெட் பெட்டி வாங்குவாரா?

பங்கு விழுந்தது

2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நெட்பிளையன்ஸ் கம்பெனி தன் பங்குகளைப் பொது ஜனங்களுக்கு விற்றது. ஒரு பங்கின் விலை 18 டாலர்.

அந்தக் காலத்தில் இன்டர்நெட் என்று பெயர் சொன்னாலே போதும். ஜனங்கள் பணத்தைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கம்பெனிக்கு லாபம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. "எத்தனை வாடிக்கைக்காரர்கள்?" என்று மட்டும் கேட்டார்கள். நஷ்டத்துக்குப் பெட்டி விற்கும் துணிச்சல் அதனால்தான் வந்தது. நஷ்டத்தைப் பங்குதாரர் பணம் தாங்கும் அல்லவா?

ஆனால் அதே மார்ச் மாதம் 10-ந் தேதி, "நாஸ்டாக்" என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையின் குறியீடு உச்சிக்குப் போய், சரியத் தொடங்கியது. பணம் போட்டவர்கள் விழித்துக்கொண்டார்கள். "லாபம் எங்கே?" என்று கேட்டார்கள்.

பதில் இல்லை. அந்த வருஷம் முடிவதற்குள் 18 டாலர் பங்கு ஒரு டாலருக்கும் கீழே போய்விட்டது!

2001-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், இன்டர்நெட் பெட்டி வியாபாரத்தை விட்டுவிடுவதாக நெட்பிளையன்ஸ் அறிவித்தது.

ஒரு லட்சம் டாலர் அபராதம்

கதை அதோடு முடியவில்லை.

அமெரிக்காவில் "பெடரல் டிரேட் கமிஷன்" என்ற அரசாங்க அமைப்பு இருக்கிறது. வியாபாரிகள் ஜனங்களை ஏமாற்றாதபடி பார்த்துக்கொள்வது அதன் வேலைகளில் ஒன்று.

அந்தக் கமிஷன் நெட்பிளையன்ஸ் மீது குற்றம் சாட்டியது. கம்ப்யூட்டருக்குப் பதிலாக இந்தப் பெட்டியே போதும் என்பதுபோல விளம்பரம் செய்தது தவறு என்றது. பெட்டியால் என்ன என்ன செய்ய முடியாது என்பதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்றது. சம்மதம் இல்லாமல் வாடிக்கைக்காரர் கணக்கில் பணம் எடுத்ததாகவும் கூறியது.

2001-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. ஒரு லட்சம் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது.

மற்ற பெட்டிகளும் விழுந்தன

ஐ-ஓப்பனர் மட்டும் அல்ல. அதன் உறவுக்காரப் பெட்டிகளும் வரிசையாக விழுந்தன.

"த்ரீகாம்" என்பது பெரிய கம்பெனி. அது 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் "ஆட்ரி" என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. ஆட்ரி ஹெப்பர்ன் என்ற புகழ்பெற்ற நடிகையின் பெயரை வைத்தார்கள். விலை 499 டாலர். அடுத்த மார்ச் மாதமே "ஆட்ரி" நிறுத்தப்பட்டது. ஆயுள் ஐந்து மாதம்!

ஜப்பானின் "சோனி" கம்பெனி "ஈ-வில்லா" என்ற பெட்டியை 2001-ஆம் ஆண்டு ஜூனில் விற்றது. செப்டம்பரில் நிறுத்திவிட்டது. ஆயுள் மூன்றே மாதம்!

இந்த இரண்டும் மலிவும் அல்ல. முழுக் கம்ப்யூட்டர் விலைக்கு அரைக் கம்ப்யூட்டரை யார் வாங்குவார்கள்? ஐ-ஓப்பனரில் கம்பெனிக்குக் கட்டுப்படி ஆகவில்லை. ஆட்ரியிலும் ஈ-வில்லாவிலும் ஜனங்களுக்குக் கட்டுப்படி ஆகவில்லை.

கம்பெனி பிழைத்தது!

நெட்பிளையன்ஸ் என்ன ஆயிற்று?

வேடிக்கையைக் கேளுங்கள். அந்தக் கம்பெனி "டிப்பிங் பாயின்ட்" என்று பெயரை மாற்றிக்கொண்டது. வேறு தொழிலில் இறங்கியது. என்ன தொழில் தெரியுமா? பிறர் கம்ப்யூட்டருக்குள் யாரும் புகுந்துவிடாதபடி காவல் காக்கும் தொழில்!

தன் பெட்டியைத் திறந்துவிட்டார்களே என்று தவித்த கம்பெனி, ஊரார் கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போடும் கம்பெனி ஆகிவிட்டது. அந்தத் தொழிலில் நல்ல பெயரும் எடுத்தது. 2005-ஆம் ஆண்டில் அதை விலைக்கு வாங்கியது யார்? ஆட்ரி பெட்டியைச் செய்து கைசுட்டுக்கொண்ட அதே த்ரீகாம்! விலை சுமார் 43 கோடி டாலர்.

பெட்டியை விற்ற கடை என்ன ஆயிற்று? சர்க்யூட் சிட்டி 1949-ஆம் ஆண்டில் வேறு பெயரில், ஒரு சிறிய டெலிவிஷன் கடையாகத் தொடங்கியது. 2008-ஆம் ஆண்டு நவம்பரில் திவால் மனுக் கொடுத்தது. 2009-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதன் கடைகள் எல்லாம் மூடப்பட்டன.

கம்பெனி பெயர் மாறிப் பிழைத்தது. கடை சில காலம் தாக்குப்பிடித்தது. பெட்டியை வாங்கி நம்பியிருந்த பாட்டிக்குத்தான் வேறு வழி தேடவேண்டி வந்தது.

இன்றும் அதே கதை

இதெல்லாம் கால் நூற்றாண்டுக்கு முந்திய கதை. இப்போது ஜனங்கள் விழித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா?

"ரிவால்வ்" என்ற பெயரில் ஒரு பெட்டி விற்றது. வீட்டு விளக்கு, பூட்டு ஆகியவற்றை இருந்த இடத்தில் இருந்தே இயக்கும் பெட்டி. விலை சுமார் 300 டாலர். அந்தக் கம்பெனியை வேறு கம்பெனி வாங்கியது. 2016-ஆம் ஆண்டு மே மாதம் பெட்டி அடியோடு வேலை செய்யாமல் நிறுத்தப்பட்டது. பெட்டி கெடவில்லை. எங்கோ தொலைவில் இருந்து அதை இயக்கிய கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான்.

"ஹியூமேன்" என்ற கம்பெனி, சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன யந்திரம் ஒன்றை 2024-ஆம் ஆண்டில் விற்றது. கேள்வி கேட்டால் அது பதில் சொல்லும். விலை 699 டாலர். அதற்கு மேல் மாதம் 24 டாலர் சந்தா. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதியோடு அதன் சேவை நிறுத்தப்பட்டது. அதற்குச் சுமார் 10 நாள் முன்னால்தான் அறிவித்தார்கள்! 699 டாலர் யந்திரம் ஒரு வருஷம்கூட முழுதாக ஓடவில்லை.

"ஸ்பாட்டிபை" என்ற பாட்டுக் கம்பெனி காரில் வைக்கும் ஒரு சின்னத் திரையை விற்றது. அதையும் 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் நிறுத்தியது. வாங்கியவர்கள் கூச்சல் போட்டார்கள். அதன் பிறகு, ரசீது காட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது.

அம்மிக்கல்லை வாங்கினால் தலைமுறை தலைமுறைக்கு உழைக்கும். அம்மிக்கல்லை விற்றவர் கடையை மூடிவிட்டார் என்பதற்காக, அம்மி அரைக்காமல் நிற்பது இல்லை. இந்த இன்டர்நெட் சாமான்கள் அப்படி அல்ல. விற்றவர் ஓய்ந்தால் சாமானும் ஓய்ந்துவிடும்!

எத்தனை நாள் உழைக்கும்?

அமெரிக்கக் கமிஷன் 2024-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி செய்தது. இன்டர்நெட்டோடு இணைந்து வேலை செய்யும் 184 சாமான்களை எடுத்துக்கொண்டது. "இந்தச் சாமானுக்கு எத்தனை வருஷம் ஆதரவு கொடுப்போம்" என்று கம்பெனிகள் தங்கள் விளம்பரப் பக்கத்தில் சொல்கின்றனவா என்று பார்த்தது.

163 சாமான்களுக்கு அந்த விவரமே இல்லை! நூற்றுக்கு 88-க்கு மேல்!

பிரிட்டனில் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி முதல் ஒரு சட்டம் அமுலில் இருக்கிறது. இப்படிப்பட்ட சாமானைச் செய்கிறவர், பாதுகாப்புக்கான திருத்தங்களைக் குறைந்தது எவ்வளவு காலம் தருவார் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மருந்துப் புட்டியில் தேதி போடுவதுபோல இதற்கும் ஒரு காலக்கெடு!

நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியது இல்லை. வாங்குகிறவர் கேட்டால் விற்கிறவர் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கடையில் கேளுங்கள்

மலிவு விலையில் இன்டர்நெட் சாமான் எதையாவது வாங்கப் போகிறீர்களா? பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

1. பெட்டி விலை போக, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? மூன்று வருஷத்துக்குக் கூட்டினால் எவ்வளவு?

2. சந்தாவை நிறுத்திவிட்டால் சாமான் வேலை செய்யுமா? எந்த வேலை நடக்கும், எந்த வேலை நிற்கும்?

3. இந்தக் கம்பெனியின் இணைப்புதான் வேண்டுமா? வேறு கம்பெனி இணைப்பும் பொருந்துமா?

4. எத்தனை வருஷம் ஆதரவு தருவார்கள்? எழுத்தில் கொடுப்பார்களா?

5. கம்பெனி மூடிவிட்டால் யாரைக் கேட்பது?

கடைக்காரர் முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுவார். இரண்டாவது கேள்வியில் கொஞ்சம் யோசிப்பார். நான்காவது கேள்விக்கு அவருக்கே பதில் தெரியாமல் இருக்கலாம்.

பதில் தெரியாவிட்டால் அவசரப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்து, ஒரு காகிதத்தை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். சுண்டைக்காய் எவ்வளவு, சுமைகூலி எவ்வளவு என்று தெரிந்துவிடும். பிறகு வாங்கலாமா, வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.